வலிக்குப் போனேன், மனச்சோர்வு மாத்திரை கொடுத்தார்கள். மூளைக் கெமிக்கல் விஷயம் தெரிந்தவர்கள் விளக்குங்களேன்

1. பழையசைக்கிள்

மூன்று மாதத்துக்கு முன் எனக்கு அக்கி வந்தது. இடது விலாவைச் சுற்றிப் பட்டை கட்டியது போலக் கொப்புளங்கள். அவை இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிட்டன. வலி மட்டும் போகமாட்டேன் என்கிறது. சட்டைத் துணி உரசினாலே தீப்புண்ணைத் தேய்த்தது போல எரிகிறது. மின்விசிறிக் காற்றுக்கும் அதே கதைதான். வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் அவ்வளவு வலிப்பதில்லை. லேசாகத் தொட்டால்தான் உயிர் போகிறது.

வழக்கமான வலி மாத்திரைகள் எதுவும் எடுபடவில்லை. நேற்று டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், இரவில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து உள்ளே இருந்த துண்டுச்சீட்டைப் பிரித்தால், முதல் வரியே "மனச்சோர்வுக்கான மருந்து". அதற்குமேல் படிக்கப் பிடிக்காமல் மடித்து வைத்துவிட்டேன்.

எனக்கு மனச்சோர்வு இல்லை. வலிதான் இருக்கிறது. இரண்டு கேள்வி. ஒன்று, "உனக்கு வலி மனசில்தான்" என்று டாக்டர் நாசூக்காகச் சொல்கிறாரா? இரண்டு, மூளைக் கெமிக்கலை மாற்றும் மாத்திரை என்றால் என் குணத்தையும் மாற்றுமா? இன்னும் போட ஆரம்பிக்கவில்லை.

2. மாத்திரைப்பெட்டி

நான் மருந்தாளுநர். இந்தக் கேள்வியோடு வாரத்துக்கு ஒருவராவது என் முன்னால் வந்து நிற்கிறார், அதனால் கூச்சமே வேண்டாம்.

மருந்துகளின் வகைப்பெயர் பெரும்பாலும் அவை முதலில் எதற்கு விற்கப்பட்டன என்பதைச் சொல்லும், அவ்வளவுதான். அமிட்ரிப்டிலின் 1960களில் மனச்சோர்வு மருந்தாக வந்தது. அதே மருந்து அக்கிக்குப் பிந்திய நரம்பு வலியைக் குறைக்கிறது என்று 1980களிலேயே சோதனைகள் காட்டின. நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்தச் சோதனைகளில் வலி குறைந்த பலருக்கு மனநிலை அளவீட்டில் மாற்றமே இல்லை. உற்சாகம் வந்து வலியை மறந்தார்கள் என்று சொல்ல முடியாது. வலியின் பாதையிலேயே மருந்து கை வைத்திருக்கிறது.

அளவையும் பாருங்கள். மனச்சோர்வுக்கு இதை 75 மில்லிகிராம், அதற்கு மேலும் கொடுப்பார்கள். உங்களுக்கு 10.

எப்படி வேலை செய்கிறது என்றால், வலிச் செய்தி உடம்பிலிருந்து தண்டுவடம் வழியாக மேலே போகிறது என்று மட்டும்தான் நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். மேலிருந்து கீழே வரும் பாதையும் ஒன்று உண்டு. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் நரம்புகள் தண்டுவடத்தில் நோரட்ரினலின், செரோடோனின் என்ற கெமிக்கல்களைக் கொட்டி, மேலே ஏறும் வலிச் செய்தியின் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. கொட்டிய இந்தப் பொருட்களை நரம்பு மறுபடி உறிஞ்சிக்கொள்வதை அமிட்ரிப்டிலின் தடுக்கிறது. அவை சற்று நேரம் கூடுதலாக அங்கே நிற்கின்றன, சத்தம் குறைகிறது. தாறுமாறாகச் சுடும் நரம்பின் சோடியம் வாயில்களையும் இது கொஞ்சம் அடைக்கும்.

முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். இதயத் துடிப்புக் கோளாறு, கண் நீரழுத்தம், சிறுநீர் பிரிவதில் சிரமம், இதில் எது இருந்தாலும் போடுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். டிரமடால் என்ற வலி மாத்திரையோ, மனநல மாத்திரை எதுவுமோ எடுக்கிறீர்கள் என்றால் அதையும். முதல் வாரம் வாய் வறளும், காலையில் தலை கனக்கும், மலம் இறுகும். பலன் தெரிய சில வாரம் ஆகும். மூன்றாம் நாளே "வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள்.

3. சந்தேகப்பிராணி

மாத்திரைப்பெட்டி சொன்னதில் வலிப் பகுதி சரி. ஆனால் இந்தச் செரோடோனின் கதை முழுக்கவே ஆட்டம் கண்டுவிட்டதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? "மூளையில் செரோடோனின் குறைந்தால் மனச்சோர்வு, மாத்திரை அதை நிரப்பும்" என்று முப்பது வருடமாக மக்களிடம் சொன்னார்கள். 2022இல் ஜோவன்னா மான்கிரீஃப் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்து, மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரோடோனின் குறைவு என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

இன்னொன்று. இந்த மாத்திரைகள் செரோடோனின் உறிஞ்சப்படுவதைச் சில மணி நேரத்திலேயே தடுத்துவிடுகின்றன. மனசு மாற மட்டும் ஏன் வாரக்கணக்கில் ஆகிறது? குறைவை நிரப்புவதுதான் மருந்து என்றால் அன்று மாலையே சரியாக வேண்டுமே.

4. வெண்நாரை

நரம்பியல் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள். சந்தேகப்பிராணியின் இரண்டாவது கேள்வி அருமையான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று போக வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நரம்புகள் ஒன்றோடொன்று மின்சாரத்தால் பேசுகின்றனவா கெமிக்கலால் பேசுகின்றனவா என்று நூறு வருடத்துக்கு முன் பெரிய சண்டை. 1921இல் ஓட்டோ லூவி இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றில் வேகஸ் நரம்பு ஒட்டியிருந்தது, மற்றதில் இல்லை. முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அது ஊறியிருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பே இல்லாத இதயத்துக்கு நீரில் கரைந்த ஏதோ ஒன்று செய்தி கொண்டுபோயிருக்கிறது. அந்த ஏதோ ஒன்றுதான் அசிட்டைல்கோலின். சோதனை யோசனை அவருக்குக் கனவில் வந்ததாம். முதல் ராத்திரி எழுதி வைத்த குறிப்பைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லை, மறுநாள் ராத்திரி அதே கனவு திரும்ப வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். என் கையெழுத்தைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு நான் சொல்லும் கதை இது.

அப்புறம் 1950கள். இரத்த அழுத்தத்துக்குச் சர்ப்பகந்தா செடியிலிருந்து எடுத்த ரெசர்பின் கொடுத்தார்கள், சிலர் சோர்ந்து சுருண்டுபோனார்கள். காசநோய்க்கு இப்ரோனியாசிட் கொடுத்தார்கள், நுரையீரல் தேறுவதற்கு முன்பே சிலர் உற்சாகமாகிவிட்டார்கள். முதல் மருந்து நரம்பின் செரோடோனின், நோரட்ரினலின், டோபமின் சேமிப்பைக் காலி செய்வது. இரண்டாவது அவற்றைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பது. குறைந்தால் சோர்வு, கூடினால் உற்சாகம் என்று கோடு போட்டுவிட்டார்கள். அந்த நேரத்துக்கு அது நியாயமான ஊகம்தான். பின்னால் அந்த ஊகத்தைத் தூக்கி விளம்பரத்தில் வைத்ததுதான் வினை.

கண்ணாடி போட்டால் எழுத்து தெரிகிறது. அதற்காகக் கண்ணுக்குள் கண்ணாடி குறைந்துபோயிருந்தது என்று யாரும் சொல்வதில்லை. கண்ணாடி பொய் என்றும் சொல்வதில்லை. 2018இல் வந்த ஒரு பெரிய தொகுப்பு 522 சோதனைகளை, 1,16,477 பேரை உள்ளடக்கியது. அதில் 21 மனச்சோர்வு மருந்துகளும் மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேலாகத்தான் இருந்தன. மேல் என்றால் மலையளவு மேல் இல்லை, சராசரியில் சுமாரான வித்தியாசம். சிலருக்கு நிறைய, சிலருக்கு ஒன்றுமில்லை. பெரும்பாலான சோதனைகள் இரண்டு மாத அளவில் முடிந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஏன் வாரக்கணக்கு? செரோடோனின் கூடியதும் அதை வெளியிடும் நரம்பே "போதும் போதும்" என்று பிரேக் போடுகிறது. அந்தப் பிரேக் தளரச் சில வாரம் பிடிக்கும். அதற்குள் நரம்பிணைப்புகள் புதுப்பிக்கப்படுவதற்கான வேலைகளும் தொடங்கிவிடுகின்றன. இன்றைக்குப் பலரும் ஏற்கும் விளக்கம் இந்தத் திசையில்தான் போகிறது. மருந்து ஒரு தள்ளு தள்ளுகிறது, மூளை தன்னைத் தானே மெல்ல மாற்றிக்கொள்கிறது. கீட்டமின் என்ற மயக்க மருந்து வேறொரு வாசல் வழியாக, குளுட்டமேட் என்ற இன்னொரு மூளைக் கெமிக்கல் வழியாகப் போய்ச் சில மணி நேரத்திலேயே சோர்வைக் குறைக்கிறது என்று 2000க்குப் பிறகு தெரிந்தபோது எங்கள் துறையே கொஞ்சம் ஆடிப்போனது.

5. இரவுப்பணி

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. ஏழு நாள் போனைத் தொடாமல் "டோபமின் டீடாக்ஸ்" இருந்தேன். மூளையில் டோபமின் குறைந்து மறுபடி சரியான அளவுக்கு வந்துவிடும் என்றார்கள். ஆறாவது நாள் கதவைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டேன். இது வேலை செய்யுமா?

6. வெண்நாரை

டோபமினைத் தவிர்த்து விரதம் இருக்க முடியாது தம்பி. அது நின்றால் நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள், கையையும் எடுக்க மாட்டீர்கள். 1957இல் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தபோது அவை காது தொங்க அசையாமல் உட்கார்ந்துவிட்டன. டோபமினின் மூலப்பொருளான எல்-டோபாவை ஊசியில் ஏற்றியதும் எழுந்து நடமாடின. செரோடோனினின் மூலப்பொருளால் அந்த வேலை நடக்கவில்லை. பார்க்கின்சன் நோய்க்கு மருந்து கிடைத்தது இந்த வழியில்தான். அவருக்கு 2000இல் நோபல்.

போனை ஒதுக்கியதால் தூக்கமும் கவனமும் தேறியிருக்கலாம். அது நல்லதுதான், பெயர் மட்டும் தப்பு.

7. மூத்தமகள்

டோபமின் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்பாவுக்குப் பார்க்கின்சன். எல்-டோபாவோடு, டோபமின் போலவே நடிக்கும் இன்னொரு மாத்திரையும் சேர்த்தார்கள். நடை நன்றாகத் தேறியது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆறு மாதம் கழித்து ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்க்கிறேன், சுவர்க் கடிகாரத்தை அக்கக்காகப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சேர்த்தார், மறுபடி பிரித்தார். விடியும்வரை. அடுத்த மாதம் வங்கிக் கணக்கைப் பார்த்தபோதுதான் போனில் சீட்டாட்டம் ஆடுகிறார் என்று தெரிந்தது. என் அப்பா வாழ்நாளில் பணம் வைத்துச் சீட்டைத் தொட்டதில்லை. கேட்டால் அழுதார். "வேண்டாம்னுதான் நினைக்கிறேன், கை போகுதும்மா" என்றார்.

ஆறு மாதமாக யாரும் எங்களை எச்சரிக்கவில்லை. அவர் குணம் கெட்டுவிட்டது என்று நான் பேசிய பேச்சுகளை இப்போது நினைத்தால் தொண்டை அடைக்கிறது. டாக்டரிடம் சொன்னதும் அந்த மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். இரண்டு மாதத்தில் கடிகாரமும் சீட்டும் போயின. நடை கொஞ்சம் பின்னுக்குப் போனது. பழையசைக்கிள், "குணத்தை மாற்றுமா" என்று கேட்டீர்களே, உங்கள் மாத்திரை பற்றித் தெரியாது, ஆனால் கேள்வி முட்டாள்தனமானது இல்லை.

8. மாத்திரைப்பெட்டி

அம்மா, இது உங்கள் அப்பாவின் குணமே இல்லை. நன்றாகப் பதிவான பக்கவிளைவு. 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்த ஆய்வு 2010இல் வந்தது. நீங்கள் சொல்லும் வகை மாத்திரை எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், கட்டற்ற செலவு, அளவில்லாத தீனி, பாலுறவு வேட்கை இவற்றில் ஏதோ ஒன்று கட்டுமீறிப் போயிருந்தது. எடுக்காதவர்களில் 6.9. கடிகாரத்தைப் பிரித்துச் சேர்ப்பது போன்ற காரியத்துக்குத் தனிப் பெயரே உண்டு. இதை முதல் நாளே குடும்பத்தைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நோயாளியே முன்வந்து சொல்ல மாட்டார், வெட்கம்.

வேறு யாராவது இதே நிலையில் இருந்தால், தாங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் கடும் பதற்றமும் சோர்வும் வரும். குறைக்கும் வேலை டாக்டருடையது.

9. வெண்நாரை

"வேண்டாம்னு நினைக்கிறேன், கை போகுது." இந்த ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் நிற்காது.

டோபமினை "இன்பக் கெமிக்கல்" என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அது பெரிய பிழை. எலிகளின் டோபமினை ஏறக்குறைய முழுக்க அழித்துவிட்டு நாக்கில் இனிப்பு வைத்தால், அதே ரசனையோடு நாக்கைச் சுழற்றி நக்குகின்றன. ஆனால் எழுந்து போய் அந்த இனிப்பைத் தேடாது, பக்கத்தில் வைத்தாலும் பட்டினி கிடக்கும். கென்ட் பெரிட்ஜ் இதைத்தான் ரசிப்பது வேறு, வேண்டுவது வேறு என்று பிரித்தார். டோபமின் இருப்பது வேண்டுவதன் பக்கம். மூத்தமகளின் அப்பாவுக்குச் சீட்டில் இன்பம் கிடைத்ததோ என்னவோ, வேட்கை மட்டும் முழு வேகத்தில் ஓடியது.

இன்னொரு பாதி உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளில் பார்த்தது. எதிர்பாராமல் பழச்சாறு ஒரு சொட்டு கிடைத்தால் டோபமின் நரம்பு படபடக்கிறது. ஒரு விளக்கு எரிந்து அதன்பின் சாறு வருகிறது என்று பழகிவிட்டால், சாறுக்கு ஒன்றும் இல்லை, விளக்குக்குத்தான் படபடப்பு. விளக்கு எரிந்து சாறு வராவிட்டால் நரம்பு ஒரு கணம் வாயை மூடிக்கொள்கிறது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்கிறது. போன் "டிங்" என்றதும் கை போவது ஏன் என்று இரவுப்பணிக்கு இப்போது தெரிந்திருக்கும். செய்தியைப் படித்தபின் ஏமாற்றமே மிஞ்சினாலும் அடுத்த "டிங்"குக்கும் கை போகும்.

10. கட்டுப்போட்டகால்

தொடை எலும்பு உடைந்து அறுவை முடிந்தபின் எனக்கு இரண்டு நாள் மார்பின் என்ற கடுமையான வலி மருந்து கொடுத்தார்கள். ஒரு விசித்திரம். வலி போகவில்லை. இருந்தது. ஆனால் பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ வலிப்பது போல இருந்தது. "எப்படி இருக்கிறது" என்று நர்ஸ் கேட்டார். "வலிக்கிறது, பரவாயில்லை" என்றேன். அவர் சிரித்தார், எல்லோரும் இதையேதான் சொல்வார்களாம். மூன்றாம் நாள் எனக்கே பயம் வந்து வேண்டாம் என்றுவிட்டேன், அடிமையாகிவிடுவேனோ என்று.

11. வெண்நாரை

நீங்கள் சொன்னதை அப்படியே பாடத்தில் வைக்கலாம். வலி ஒரே பொருள் இல்லை. எங்கே, எவ்வளவு, குத்தலா எரிச்சலா என்று சொல்லும் பகுதி ஒன்று. "ஐயோ, இதை நிறுத்து" என்று கதறும் பகுதி இன்னொன்று. மார்பின் இரண்டாவதை அதிகமாகத் தொடுகிறது.

மார்பின் பொருந்துவதற்கு மூளையில் ஏன் இடம் இருக்கிறது என்ற கேள்விக்கு 1970களில் விடை வந்தது. 1973இல் அந்த ஏற்பிகளைக் கண்டார்கள். 1975இல் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்சும் பன்றி மூளையிலிருந்து நாமே தயாரிக்கும் மார்பின் போன்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கஞ்சாவின் கதையும் இதேதான். அதன் ஏற்பிக்குப் பொருந்தும் நம் சொந்தப் பொருள் 1992இல் கிடைத்தபோது, அதற்கு "ஆனந்தமைடு" என்று நம் பக்கத்து ஆனந்தத்தையே எடுத்து வைத்தார்கள்.

12. மாத்திரைப்பெட்டி

பயம் பற்றி நான் சொல்கிறேன். அறுவைக்குப் பிறகு கண்காணிப்பில் இரண்டு மூன்று நாள் மார்பின் எடுத்தால் பெரும்பாலோர் அடிமையாவதில்லை. நாள் நீள நீளத்தான் ஆபத்து ஏறும், ஆகவே வலி இறங்கியதும் நிறுத்துவது சரிதான். ஆனால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, மூச்சை ஆழமாக இழுக்காமல், இருமாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். அதுவும் ஆபத்துதான்.

உடல் பழகுவதும் அடிமையாவதும் ஒன்றல்ல. வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் பின்தொடர்ந்து பார்த்தார். நாடு திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம். மருந்து அதேதான், சூழல் மாறிவிட்டது. இதை வைத்து ஹெராயின் லேசானது என்று யாரும் கிளம்ப வேண்டாம். மார்பின் குடும்பத்து மருந்துகள் கொல்வது மூளைத்தண்டில் மூச்சு விடும் கட்டளையை அமுக்கித்தான். கொஞ்ச நாள் விட்டிருந்தவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால், பழகியிருந்த தாங்கும் சக்தி போயிருக்கும், மூச்சு நின்றுவிடும். நலோக்சோன் அந்த ஏற்பியிலிருந்து மருந்தைத் தள்ளிவிட்டு சில நிமிடத்தில் மூச்சைத் திருப்பும். ஆனால் அதன் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

13. சந்தேகப்பிராணி

எல்லாம் சரி. ஆனால் வெறும் மாவு மாத்திரைக்கும் பலருக்கு வலி குறைகிறதே. அப்படியானால் பாதி விஷயம் கற்பனைதானே? பழையசைக்கிளின் டாக்டர் நம்பிக்கையோடு எதைக் கொடுத்தாலும் கேட்கும்.

14. வெண்நாரை

கற்பனை என்றால் அதை முறிக்க ஒரு மருந்து இருக்கக் கூடாது. 1978இல் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களிடம் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் இதைச் சோதித்தார்கள். போலி மருந்தால் வலி குறைந்தவர்களுக்கு நலோக்சோன் கொடுத்ததும் வலி ஏறியது. அதாவது நம்பிக்கை, மூளையின் சொந்த மார்பினை அவிழ்த்துவிட்டிருந்தது. மாத்திரைப்பெட்டி இரண்டாம் பதிவில் சொன்ன மேலிருந்து இறங்கும் பாதை இருக்கிறதே, அதே பாதைதான்.

இதன் மறுபக்கம் எனக்கு இன்னும் பிடிக்கும். இத்தாலியில் ஃபாப்ரிசியோ பெனடெட்டி குழு, நோயாளிக்குத் தெரியாமல் இயந்திரம் வழியாக மருந்தை ஏற்றிப் பார்த்தது. தெரிந்து எடுக்கும்போது பதற்றத்தைக் குறைத்த டயசிபாம், தெரியாமல் ஏறியபோது பதற்றத்தைக் குறைக்கவே இல்லை. வலி மருந்துகள் மறைவில் வேலை செய்தன, ஆனால் குறைவாக. நீங்கள் "பாதி கற்பனை" என்று தள்ளியது மருந்தின் வேலையிலேயே ஒரு பங்கு.

15. புதியவள்

இங்கே முதல்முறை எழுதுகிறேன். இரண்டு வருடமாகப் பாராக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுக்கிறேன். மூன்றாவது பதிவைப் படித்தேன். இத்தனை நாள் ஏமாந்தேன் என்று கோபம் வந்து நான்கு நாளுக்கு முன் மொத்தமாக நிறுத்திவிட்டேன். தலையைத் திருப்பினால் உள்ளே மின்சாரம் பட்டது போல "ஜிவ்" என்கிறது. குமட்டல், காரணமில்லாத அழுகை, ராத்திரி முழுக்கப் பயங்கரக் கனவு. இதுதான் என் உண்மையான மனசா? நோய் திரும்பிவிட்டதா?

16. மாத்திரைப்பெட்டி

புதியவள், இன்றே உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள், நாளைக்கு வேண்டாம். உயிரை விடலாம் என்ற எண்ணம் துளி வந்தாலும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் மருந்தைச் சட்டென்று நிறுத்தியதன் விளைவு போல இருக்கிறது. நோய் திரும்பினால் பொதுவாக வாரக்கணக்கில் மெல்ல வரும், தலைக்குள் மின்சாரம் அடிக்காது. பாராக்ஸெடின் உடம்பை விட்டு வேகமாக வெளியேறும், பாதி அளவு ஒரே நாளில் போய்விடும். அதனால்தான் நிறுத்தும்போது அதிகம் படுத்தும் மாத்திரைகளில் அது ஒன்று. அதே வகை மாத்திரையான ஃப்ளூவாக்ஸெடினும் உடம்பில் அது மாறி உண்டாகும் பொருளும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும், அதனால் கொஞ்சம் மென்மை. பெரும்பாலும் பழைய அளவைத் திரும்பத் தொடங்கி, பிறகு மாதக்கணக்கில் இறக்குவார்கள். மாத்திரையைப் பாதியாக்கினால் மூளையில் அதன் பிடி பாதியாவதில்லை. கடைசிச் சில மில்லிகிராம்தான் கடினம், அங்கே படிகள் மிகச் சிறியதாக இருக்க வேண்டும்.

17. நெறியாளர்

இந்த இழையைப் படித்து யாரும் எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. மூன்றாம் பதிவின் மேல் ஒரு குறிப்புச் சேர்த்திருக்கிறேன். தூக்க மாத்திரை, டயசிபாம் வகைகள், மது ஆகியவற்றை நீண்ட நாள் எடுத்தவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம், உயிருக்கே ஆபத்து. அதையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

18. சந்தேகப்பிராணி

புதியவளுக்கு: மன்னியுங்கள். "காரணம் சொன்ன கதை தப்பு" என்று எழுதினேன், "மாத்திரையை எறி" என்று எழுதவில்லை. ஆனால் நான் எழுதிய தோரணையில் அப்படித்தான் கேட்டிருக்கும். பதிவை அழிக்கவில்லை, குறிப்போடு இருக்கட்டும். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி போடுங்கள்.

19. புதியவள்

டாக்டர் திட்டவில்லை. பழைய அளவையே மறுபடி தொடங்கச் சொன்னார். மூன்று நாளில் மின்சாரம் நின்றது. நிறுத்துவது பற்றி ஆறு மாதத் திட்டம் போட்டிருக்கிறோம். செரோடோனின் குறைவு என்று முன்பு சொன்னீர்களே என்று கேட்டேன். "சுருக்கமாகச் சொல்லப் போய்த் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்றார்.

20. இரவுப்பணி

எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். ராத்திரி வேலையில் காபி குடித்தால் சோர்வு போகிறதே, அது எந்தக் கெமிக்கல்?

21. மாத்திரைப்பெட்டி

சோர்வு போவதில்லை, மறைகிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே வரும், தூக்கக் கடன் போல. காபின் அதன் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டு கடன்காரனை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்கிறது. கடன் அப்படியே நிற்கும். சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் குடித்ததில் பாதி உடம்பில் இருக்கும், ஆகவே வேலை முடிய ஐந்தாறு மணி நேரம் இருக்கும்போதே கடைசிக் கோப்பையை முடித்துவிடுங்கள்.

22. பழையசைக்கிள்

இழையைத் தொடங்கியவன் வந்திருக்கிறேன். இதயப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரையை ஆரம்பித்தேன். இன்றோடு இருபத்து நான்கு நாள்.

முதல் வாரம் வாய் முழுக்கப் பஞ்சு அடைத்தது போல இருந்தது. காலையில் செருப்பைத் தேடவே கால் மணி நேரம். ஆனால் இரண்டாம் நாளே தூங்கினேன், மூன்று மாதத்தில் முதல் முழுத் தூக்கம். வலி குறைந்தது அதற்கப்புறம்தான், ஏறக்குறைய பதினேழாம் நாள். பத்துக்கு ஏழு என்று இருந்தது இப்போது நான்கு. நேற்று சட்டை போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டு வந்தேன். சட்டை போட்டிருக்கிறேன் என்ற நினைப்பே வரவில்லை.

குணம் மாறியதா? மனைவியிடம் கேட்டேன். முன்னைக்கு இப்போது கத்துவது குறைந்திருக்கிறது என்றாள். அது மாத்திரையாலா, தூக்கத்தாலா, வலி குறைந்ததாலா என்று கேட்டேன். "எதனால்னா என்ன, அளவை மட்டும் குறைச்சிடாதீங்க" என்றாள்.

டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன், முதல் நாள் அவர்மேல் எனக்கு வருத்தம் என்று. அவர் துண்டுச்சீட்டை வாங்கிப் பிரித்து, என் முன்னால் வைத்து விரலை வைத்துக் காட்டினார். முதல் வரிக்கு நேர் கீழே இரண்டாவது வரி: "பெரியவர்களுக்கு நரம்பு வலி". நான்தான் முதல் வரியோடு மடித்து வைத்துவிட்டேனே.